கியர் பாக்ஸை இறக்கும் முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் போடி. மட்டாஞ்சேரி ஜூ டவுனில் சுக்கு, மிளகு, ஏலக்காய் மூட்டை ஏற்றும் லோடு வண்டி ஓட்டுகிறேன். அப்பா வாங்கிய பழைய மகிந்திரா பிக்கப். ஜீப்பில் இருப்பது போலவே கிளட்சுக்குக் கம்பி, குறுக்கு ஷாஃப்ட், கடைசியில் கேபிள். போன மழைக்காலத்துக்குப் பிறகு ரிவர்ஸ் கியர் போடும்போது ‘கர்ர்ர்’ என்று பல் அரைக்கும் சத்தம். காலையில் தெரியாது, மதியம் வெயிலில் நாலு நடை அடித்த பிறகு அதிகம். கிளட்ச் பெடலைத் தரையோடு சேர்த்து மிதித்தால்தான் கியர் விழும்.

எங்கள் ஆசான் கேபிளை இரண்டு முறை டைட் வைத்தார். இரண்டாம் முறை நட்டுக்கு மரை தீர்ந்துவிட்டது. இடையில் இரண்டு தடித்த வாஷர் வைத்து முறுக்கினார். பல் அரைக்கும் சத்தம் போனது. ஆனால் இப்போது காலை எடுத்தாலும் கியர் பாக்ஸ் பக்கம் ‘சொய்ங்’ என்று ஒரு சத்தம் கேட்கிறது. பெடல் மேல் கால் வைத்தால் சத்தம் மாறுகிறது. லோடோடு தோப்பும்படி பாலம் ஏறினால் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகர மறுக்கிறது. பிளேட் போய்விட்டது, கியர் பாக்ஸை இறக்கி கிளட்ச் செட் முழுக்க மாற்ற வேண்டும் என்கிறார் ஆசான். பாகம் எல்லாம் வாங்கி வைத்துவிட்டேன். மாற்றலாமா? இந்தக் கம்பி, கேபிள் வம்பே வேண்டாம் என்று ஹைட்ராலிக் கிளட்சாக மாற்றிக்கொள்ளலாம் என்று நண்பர் சொல்கிறார். அது சரிவருமா?

— வாசகர், ஜூ டவுன், கொச்சி

பதில்: வாங்கிய பெட்டியைப் பிரிக்காமல் வையுங்கள். உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும் விட முக்கியமான வரி, ‘இடையில் இரண்டு தடித்த வாஷர்’ என்பதுதான். அந்த வாஷரே நோய் எங்கே என்று சொல்லிவிடுகிறது.

கிளட்ச் பிளேட் தேயத் தேய பிரஷர் பிளேட்டின் விரல்கள் பின்னால், அதாவது ரிலீஸ் பேரிங்கை நோக்கி வரும். அதனால் பெடலின் மேல்பகுதியில் இருக்க வேண்டிய வெற்றாட்டம், பட்டறையில் ‘ஃப்ரீ பிளே’ என்கிறோமே, அது குறையும். தேய்ந்த பிளேட்டுக்கு அட்ஜஸ்டரைத் தளர்த்திக் கொடுக்க வேண்டிவரும். பெடலிலிருந்து போகும் கம்பி இணைப்புகள், அதாவது லிங்கேஜ், தேய்ந்தாலோ கேபிள் நீண்டாலோ நடப்பது இதற்கு நேர் எதிர். பெடலில் வெற்றாட்டம் கூடும், கிளட்ச் கீழே இறங்கிப் பிடிக்கும், அட்ஜஸ்டரை முறுக்கிக்கொண்டே போக வேண்டியிருக்கும். மரை தீரும்வரை முறுக்க வேண்டி வந்ததென்றால் உங்கள் வண்டியில் முதலில் தேய்ந்தது பிளேட் அல்ல. பெடலுக்கும், ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க்குக்கும் நடுவில் எங்கோ கால் வைக்கும் தூரம் களவு போகிறது.

அப்படியானால் பாலத்தில் ஏன் நழுவுகிறது? களவைக் கண்டுபிடிக்காமல் அதன் மேலேயே கேபிளை இழுத்துக் கட்டியதால். சும்மா நிற்கும்போது தளர்ந்திருக்க வேண்டிய ரிலீஸ் பேரிங் இப்போது எப்போதும் பிரஷர் பிளேட் விரல்களை அழுத்திக்கொண்டு சுற்றுகிறது. பிளேட்டை முழு வலுவோடு பிடிக்க ஸ்பிரிங்குக்கு வழியில்லை. ஊர் முழுக்கச் சமதரை. கொச்சியில் வண்டிக்கு ஏற்றம் என்று இருப்பதே பாலங்கள்தான். அதனால் குற்றம் அங்கே வெளிப்படுகிறது. நீங்கள் கேட்கும் ‘சொய்ங்’ அந்த பேரிங்கின் சத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். இன்றே சோதிக்கலாம். இன்ஜினை ஓடவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, காலின் நுனியைப் பெடலுக்கு அடியில் கொடுத்து மேலே தூக்குங்கள். சத்தம் நின்றால் அல்லது மாறினால் பேரிங் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பெடலை இழுத்துப் பிடிக்கும் ரிட்டர்ன் ஸ்பிரிங் நொந்து போயிருந்தாலும் இதே கதைதான். பெடல் தன் எடையிலேயே கொஞ்சம் இறங்கி நின்றுவிடும்.

ரிவர்ஸில் மட்டும் பல் அரைப்பது ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வகை கியர் பாக்ஸில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. கிளட்ச் முழுக்க விடுபடாமல் அரைகுறையாக இழுத்துக்கொண்டிருந்தால் முதலில் கத்துவது ரிவர்ஸ்தான். மற்ற கியர்கள் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளும். மதியத்தில் கூடுவதற்குக் காரணம் சூடு. ஜூ டவுன் மாதிரித் தெருவில் டூரிஸ்ட் கூட்டத்துக்கும் சாமான் கடைகளுக்கும் நடுவே அங்குலம் அங்குலமாக, பாதி கிளட்சிலேயே ஊர்ந்து கோடவுன் வாசலில் ரிவர்ஸ் எடுத்தால் பிளேட்டும் ஃபிளைவீலும் சூடேறும். இருக்கிற கொஞ்ச இடைவெளியும் சுருங்கும். பெடல் தூரம் தாராளமாக இருந்த வரை இது தெரியாது. மயிரிழையில் ஓடும்போது தெரியும்.

இனி அடியில் படுப்போம். அதற்கு முன் ஓர் எச்சரிக்கை, இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வண்டியை கியரில் போட்டுவிட்டோம், நகராது என்று நம்பி அடியில் போகாதீர்கள். மேலே ஒருவர் கிளட்சை மிதிக்கப் போகிறார். மிதித்த நொடியில் கியர் பிடி விட்டுவிடும். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, சாவியை உங்கள் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். உயரம் போதவில்லை என்றால் ஜாக்கியை நம்ப வேண்டாம், குதிரை ஸ்டாண்ட் வைக்க வேண்டும்.

மேலே இருப்பவர் பெடலை மெதுவாக, கையால் அழுத்தட்டும். காலால் மிதித்தால் தேய்மானம் ஒரே தாவலில் மறைந்துவிடும். கையால் அழுத்தும்போது நீங்கள் ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள்: பெடல் அடிக்கை நகர்ந்ததும் கம்பி உடனே நகர்கிறதா? கம்பி நகர்ந்ததும் குறுக்கு ஷாஃப்ட் திரும்புகிறதா? ஷாஃப்ட்டின் மறுமுனைக் கை திரும்பியதும் கேபிள் இழுக்கிறதா? கேபிள் இழுத்ததும் ஃபோர்க் அசைகிறதா? எந்த இடத்தில் ஒன்று நகர்ந்து அடுத்தது சும்மா நிற்கிறதோ அங்கே விரலை வைத்துப் பாருங்கள், ‘டக்’ என்று தட்டுவது தெரியும். பெடலின் நீளமும் கைகளின் நீளமும் சேர்ந்து, பெடலில் சுமார் ஐந்தாறு மில்லிமீட்டர் நகர்ந்தால்தான் ஃபோர்க் முனையில் ஒரு மில்லிமீட்டர் நகரும். அதே கணக்கு திரும்பவும் செல்லும். நடுவில் ஓர் இணைப்பில் ஒரு மில்லி ஆட்டம் என்றால் காலடியில் ஐந்தாறு மில்லி காணாமல் போகும். மூன்று இணைப்பு தேய்ந்திருந்தால் கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர் போய்விட்டது. உங்கள் வாஷர் இரண்டும் அடைத்தது இந்தத் தூரத்தைத்தான்.

இணைப்புகளில் உள்ள பின்களை ஒவ்வொன்றாகக் கழற்றி உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். புதிய பின் தலையிலிருந்து ஸ்பிலிட் பின் ஓட்டை வரை ஒரே தடிமனாக இருக்கும். பழைய பின்னில் நடுவில் இடுப்பு விழுந்து, ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்து, மறுபக்கம் துருவும் உலர்ந்த கிரீஸுமாக இருக்கும். பளபளக்கிற பக்கம்தான் இழுவை தாங்கிய பக்கம். பின் மட்டும் தேயாது. அது நுழைகிற ஓட்டையும் நீண்டுபோயிருக்கும். நீண்ட ஓட்டையில் புதுப் பின்னைப் போட்டால் ஆட்டம் பாதிதான் குறையும். லேத்துப் பட்டறையில் கொடுத்து ஓட்டையைப் பெரிதாக்கி புஷ் அடித்து, பின் அளவுக்குத் துளைத்து வாங்குங்கள். அல்லது வெல்டிங்கால் நிரப்பி மறுபடி துளை போடலாம். பின்னுக்குப் பதிலாகப் போல்ட்டை வெட்டிப் போடுவது பல பட்டறைகளில் நடக்கிறது. போல்ட்டின் மரைப் பகுதி ஓட்டைக்குள் வந்தால் அது அரம் மாதிரி வேலை செய்து ஓட்டையை இன்னும் தின்னும். ஆணியை வளைத்துப் போட்டு ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

குறுக்கு ஷாஃப்ட் மேல் கூடுதல் கவனம் வையுங்கள். 1940-களின் பிற்பகுதியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கிய மகிந்திரா, அந்த அமைப்பையே பல காலம் தன் வண்டிகளில் கொண்டுபோனது. அதில் ஷாஃப்ட்டின் ஒரு முனை சேஸில் உட்காரும், மறுமுனை இன்ஜின் பக்கம் பெல் ஹவுசிங்கை ஒட்டி உட்காரும். இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் அசைகிற பொருள், சேஸ் அசையாதது. மவுண்டிங் ரப்பர் நசுங்கி இன்ஜின் ஒரு பக்கம் சாய்ந்தாலோ, கிளட்ச் விடும்போது முன்னும் பின்னும் தாவினாலோ ஷாஃப்ட் கோணலாகும். அப்போது நீங்கள் காலை வைக்காமலேயே கிளட்ச் தானாகப் பிடிக்கும், விடும். வண்டி கிளம்பும்போது நடுங்கும். இது தெரிந்துதான் பழைய வில்லிஸ் ஜீப்பில் இன்ஜின் முன்னால் ஓடாமல் பிடித்துக்கொள்ளத் தனியாக ஓர் இழுகம்பியே வைத்திருந்தார்கள். நடுங்குகிற கிளட்சுக்கு பிளேட்டை மாற்றி, அப்படியும் நடுங்கி, பிறகு மவுண்டிங்கைப் பார்க்கும் வண்டிகள் பட்டறைக்கு வந்தபடியே இருக்கின்றன. கடப்பாரையை மவுண்டிங் பக்கம் கொடுத்து லேசாக நெம்புங்கள். ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்திருந்தால் கண்ணுக்கே தெரியும்.

ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் கிரீஸ் போக வேண்டும். நிப்பிள் இருக்கிற வண்டி என்றால் நிப்பிளின் வாயைப் பாருங்கள். எஃப்.சி. காட்டக் கொண்டுபோகும் முன் அடிப்பகுதி முழுக்கக் கறுப்பு பெயிண்ட் அடிப்பது நம் வழக்கம். அந்தப் பெயிண்ட் நிப்பிள் வாயை அடைத்துவிடும், பின்களை ஓட்டையோடு ஒட்டவைத்துவிடும். வருடத்துக்கு வருடம் புதுப் பூச்சு, உள்ளே ஒரு துளி கிரீஸ் கிடையாது. கிரீஸ் கன் அடித்ததும் பழைய கிரீஸ் மறுபக்கம் பிதுங்கி வர வேண்டும். வரவில்லை என்றால் நிப்பிளைக் கழற்றி, கம்பியால் குத்தி, பெட்ரோலில் கழுவி மாட்டுங்கள்.

உங்கள் ஊருக்கு இன்னொரு தொல்லை. மட்டாஞ்சேரி காயலை ஒட்டிக் கிடக்கிறது. வேலியேற்றம் என்று சொல்வார்களே, அந்த நாட்களில் ஓடை வழியாக உப்புத்தண்ணீர் தெருவுக்கே ஏறிவிடுகிறது. மழைத்தண்ணீரில் நின்ற வண்டியை விட உப்புத்தண்ணீரில் நின்ற வண்டி சீக்கிரம் துருப்பிடிக்கும். அப்படித் தண்ணீரில் இறங்க வேண்டி வந்தால் அன்று மாலையே நல்ல தண்ணீரால் அடிப்பகுதியைக் கழுவி, காய்ந்த பிறகு இணைப்புகளுக்குத் தண்ணீரைத் தாங்கும் கிரீஸ் வையுங்கள். வாட்டர் சர்வீஸில் கடைசியாக அடித்துவிடும் பழைய ஆயில் ஸ்பிரே மட்டும் வேண்டாம். துருவுக்கு நல்லது என்பார்கள். அந்த ஆயில் ரப்பர் மவுண்டிங்கை ஊதவைக்கும், பெல் ஹவுசிங் ஓட்டை வழியாக உள்ளே போனால் பிளேட்டைக் கெடுக்கும்.

கேபிளுக்கு வருவோம். உறைக்குள் ஓடும் உள்கம்பி முனையில் நூல் நூலாகப் பிரிந்திருந்தால் அது இன்றோ நாளையோ அறும் கேபிள். ஒட்டுப்போடாதீர்கள். உள்கம்பி நன்றாக இருந்தும் பெடல் கனமாக இருக்கிறதா? ஒரு முனையைக் கழற்றி கையால் இழுத்து விடுங்கள். வழுக்கிக்கொண்டு போய்வர வேண்டும், உரசிக்கொண்டு நின்றால் உள்ளே துரு. சைலன்சர் குழாய்க்குப் பக்கமாகவோ கூர்மையாக வளைந்தோ போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். உள்ளே நைலான் உறை உள்ள கேபிளுக்கு ஆயில் விடக்கூடாது, அழுக்கைச் சேர்த்து இறுகிவிடும். உறையில்லாத பழைய வகைக்கு மட்டும் விடலாம். பலர் பார்க்க மறக்கிற இடம் கேபிளின் வெளி உறை உட்காரும் பிராக்கெட். பெடல் அழுத்தும்போது அந்தத் தகடே வளைந்து கொடுத்தால் நீங்கள் கேபிளை இழுக்கவில்லை, தகட்டை வளைக்கிறீர்கள். வெல்டிங் ஓரத்தில் துருக்கோடு தெரிந்தால் அங்கே விரிசல் இருக்கிறது.

இவ்வளவும் சரியாக இருந்தால் கடைசியாக ஃபோர்க். அதன் வெளிமுனையைக் கையால் எல்லாப் பக்கமும் ஆட்டிப் பாருங்கள். முன்பின் ஆட்டம் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். மேலும் கீழும் தளதளவென்று ஆடினால் உள்ளே அது உட்காரும் குமிழ் தேய்ந்திருக்கும். இந்தப் பட்டியலில் அதற்கு மட்டும்தான் கியர் பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும்.

தேய்ந்ததையெல்லாம் மாற்றிய பிறகுதான் அட்ஜஸ்ட்மெண்ட். முதல் வேலையாக அந்த வாஷர்களைத் தூக்கிப் போடுங்கள். பெடல் மேலே போய் அதன் ஸ்டாப்பரில் இடிக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ரிட்டர்ன் ஸ்பிரிங்கை மாற்றுங்கள். பிறகு ஒரு ஸ்கேலைத் தரைத்தகட்டில் நிறுத்திப் பெடலைக் கையால் அழுத்துங்கள். லேசாக இறங்கும் தூரம் இருபது முதல் இருபத்தைந்து மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஓர் அங்குலம் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு கனம் தட்டுப்பட வேண்டும். உங்கள் மாடலின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுதான் சரி. அட்ஜஸ்டரின் நடுமரையில் இந்த அளவு கிடைத்தால் லிங்கேஜ் தேறிவிட்டது. லாக் நட்டை இறுக்க மறக்காதீர்கள். இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒரு முறை அளந்து பாருங்கள். புதுக் கேபிள் கொஞ்சம் இளகும்.

சந்தேகம் தீர இரண்டு சோதனை. இன்ஜினை ஐடிலில் விட்டு, கிளட்சை முழுக்க மிதித்து, மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் முழுக்க விடுபடுகிறது. லிங்கேஜ் சரியாகியும் அரைத்தால் குற்றம் உள்ளே: பிளேட் நெளிந்திருக்கலாம், கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்டின் பல்லில் துருப்பிடித்து பிளேட் நகராமல் இருக்கலாம், பைலட் பேரிங் இறுகியிருக்கலாம். மழையில் பல நாள் சும்மா நின்ற வண்டியில் பிளேட் ஃபிளைவீலோடு துருவில் ஒட்டிக்கொள்வதும் உண்டு. அடுத்தது நழுவலுக்கு. யாரும் முன்னால் இல்லாத இடத்தில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, மூன்றாவது கியரில் கிளட்சை நிதானமாக விடுங்கள். இன்ஜின் அணைந்துவிட வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் நழுவுகிறது. ஒரு முறைக்கு மேல் செய்து பிளேட்டை எரிக்க வேண்டாம். அப்போது பெல் ஹவுசிங் அடிப்பக்கம் ஆயில் சொட்டுகிறதா என்றும் ஒரு கண் வையுங்கள். சொட்டினால் நழுவலுக்குக் காரணம் ஆயில் சீல், அதை மாற்றாமல் புது பிளேட் போடுவது பணத்தைக் காயலில் போடுவதுதான்.

ஹைட்ராலிக் பற்றிக் கேட்டீர்கள். தேவையில்லை என்பது என் முடிவு. அதில் பின்னும் ஷாஃப்ட்டும் குறையும், பெடலும் லேசாகும், உண்மைதான். ஆனால் அதில் ஊற்றும் பிரேக் ஃபுளூயிட் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். உங்கள் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. கவனிக்காமல் விட்டால் சிலிண்டருக்குள் துருவும், ரப்பர் சீல் கசிவும் வரும். கேபிள் அறுந்தால் தெருமுனையில் மாற்றிவிடலாம். பொருத்தமில்லாத அளவில் பூட்டிய சிலிண்டர் பாதி வழியில் ஒழுகினால் லோடோடு நிற்க வேண்டியதுதான். தொழிற்சாலையிலேயே ஹைட்ராலிக்காக வந்த வண்டி வேறு விஷயம். (அப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பெடலை நாலு முறை பம்ப் அடித்ததும் கிளட்ச் சரியானால் உங்களுக்குக் கசிவோ காற்றோ இருக்கிறது. கேபிள் வண்டியில் பம்ப் அடித்துப் பயனில்லை.)

உங்கள் ஆசானைக் குறை சொல்ல மாட்டேன். லோடு காத்துக்கொண்டிருக்கும்போது அரை மணி நேரத்தில் வண்டியைக் கிளப்பிவிடச் சொன்னால் எந்த மெக்கானிக்கும் நட்டைத்தான் முறுக்குவார். ஒரு நாள் முழுசாக வண்டியை அவரிடம் விடுங்கள். பின், புஷ், கேபிள், ரிட்டர்ன் ஸ்பிரிங், தேவையென்றால் மவுண்டிங். கியர் பாக்ஸைத் தொடாமல் முடிகிற வேலை இது.

ஒன்றை மட்டும் மறைக்க விரும்பவில்லை. வாஷர் வைத்த பிறகு எத்தனை நாள் நழுவ நழுவ ஓட்டினீர்கள் என்று எழுதவில்லை. அந்த நாட்களில் பிளேட் எரிந்து கண்ணாடி போல் வழவழத்திருக்கலாம், பேரிங் வறண்டிருக்கலாம். லிங்கேஜ் வேலை முடித்து, ஓர் அங்குல வெற்றாட்டம் வைத்து, முதலில் காலி வண்டியாகவும் பிறகு பாதி லோடோடும் தோப்பும்படி பாலத்தை ஏறிப் பாருங்கள். நழுவாமல் ஏறி, சத்தமும் நின்றுவிட்டால் கிளட்ச் செட்டைப் பில்லோடு கடையில் திருப்பிக் கொடுங்கள். நழுவினால் மாற்றத்தான் வேண்டும். அப்போது பைலட் பேரிங்கையும் ஃபோர்க் குமிழையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், கியர் பாக்ஸை இரண்டாம் முறை இறக்க வேண்டியிருக்காது. எதுவாக இருந்தாலும் சோதனை முடியும்வரை முழு லோடு ஏற்ற வேண்டாம்.